மேலே என்ன இருக்கிறது?

நம்மவர்க்கு நடை புதிதன்று. மேடு ஏறுதலும் புதிதன்று. விடியலுக்கு முன் எழுந்து, பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மேடும் பள்ளமுமாகிய காட்டில் நிரை நிரையாக மரம் சீவி, நண்பகலில் பால் வாளிகளைக் காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் சுமந்து ஸ்டோருக்கு இறங்கி வந்த கால்கள் நம்முடைய கால்களே. அவை ஒரு நாளில் எத்தனை மைல் நடந்தன என்று எவரும் அளந்ததில்லை. அளந்து கூலி கொடுத்தவரும் இல்லை. ஆயினும், நடப்பதற்காகவே நடத்தல் என்பது நம்மிடையே இன்றளவும் வழக்கமாகவில்லை. கால் என்பது வேலைக்கு உரியது; வேலை முடிந்தால் அதை நீட்டிப் படுக்க வேண்டும் என்பதே நம் எண்ணம். மலை என்றாலோ வேண்டுதல் நினைவுக்கு வரும். பத்துமலையில் 272 படிகளையும் மூச்சு வாங்க ஏறுவோம். ஏறினால் மேலே கோயில் உண்டு. கோயில் இல்லாத மலையில் நமக்கு என்ன வேலை என்று கேட்பவர் நம்மில் மிகப் பலர்.

இக்கேள்வியை நானும் பலமுறை கேட்டதுண்டு. அதற்கு விடை தேட எனக்கு ஒரு சந்தர்ப்பம் சென்ற ஆண்டு வாய்த்தது.

என் தமையனாரின் மகள் ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்து மாநிலத்தின் தலைநகராகிய பிரிஸ்பேனில் தாதியாக இருக்கிறாள். "அப்பாவை அழைத்துக்கொண்டு வாருங்கள் சித்தப்பா, வந்தால் இங்கேயே இருந்துவிடும்படி நீங்களும் சொல்லுங்கள்" என்று ஈராண்டாக வற்புறுத்தி வந்தாள். தமையனாருக்கு வயது எழுபது. பதினான்காம் வயதிற் பால் வெட்டும் கத்தியைக் கையிலெடுத்தவர். பேரா மாநிலத்தில் ஒரே தோட்டத்தில் நாற்பது ஆண்டு மரம் சீவியவர். முதலில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். பின்பு செம்பனையையும் அழித்து மனைகளாகப் பிரித்து விற்றார்கள். அவர் பிறந்ததும், மணம் புரிந்ததும், மனைவியைப் பறிகொடுத்ததும் ஒரே லயத்தில். அந்த லயம் இன்று இல்லை. பட்டணத்தில் என் அடுக்குமாடி வீட்டின் பின்னறையில் அவர் என்னோடு இருந்து வருகிறார். எஞ்சிய காலத்தை மகளிடம் கழிப்பதா, பிறந்த நாட்டிலேயே கழிப்பதா என்பது அவர்முன் நின்ற கேள்வி. அதை அவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆயினும் பிரயாணம் முழுவதும் அஃது எங்கள் நடுவே இருந்தது.

நாங்கள் சென்றது செப்டம்பர் மாதம். அங்கே அது வசந்தத்தின் தொடக்கம். ஒரு விடுமுறை நாளில், "அப்பா, நாளைக்கு ஒரு மலைக்குப் போவோம்" என்றாள் பெண். காரில் ஏறித் தென்மேற்காக ஏறக்குறைய 220 கிலோமீட்டர் சென்று, பெருமலைத் தொடரைக் கடந்து, ஸ்டான்தோர்ப் என்னும் சிற்றூரில் இரவைக் கழித்தோம். கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டர் உயரத்திலுள்ள இவ்வூர், குயின்ஸ்லாந்திலேயே மிகக் குளிரான ஊர்களில் ஒன்று. ஆப்பிளும் திராட்சையும் விளையும் இடம். முதல் உலகப் போருக்குப் பின் இத்தாலியக் குடியானவர் பலர் வந்து குடியேறித் தோட்டம் போட்ட பூமி.

இவ்வூரின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் எனக்கு வியப்புண்டாயிற்று. 'ஸ்டான்னம்' என்பது லத்தீன் மொழியில் வெள்ளீயம். 'தோர்ப்' என்பது பழைய ஆங்கிலத்தில் சிற்றூர். வெள்ளீயத்தூர் என்று நாம் தமிழிற் கூறலாம். 1872-ஆம் ஆண்டில் இங்கே ஓடைகளின் மணலில் வெள்ளீயம் கண்டெடுக்கப்பட்டது. உடனே ஆயிரக்கணக்கானோர் கூடாரமடித்து மண்ணைக் கழுவத் தொடங்கினர். சீனத் தொழிலாளரும் அவர்களுள் இருந்தனர். இதைக் கேட்டவுடன் கிந்தாப் பள்ளத்தாக்கில் வளர்ந்த எவருக்கு ஈப்போவும் கம்பாரும் நினைவுக்கு வாரா? காரணம் ஒன்றே. ஈயம் கருங்கல்லின் பிள்ளை. பூமியின் அடியில் உருகிய குழம்பு ஆறிக் கருங்கல்லாகும்போது, அதன் இறுதிச் சாற்றில் வெள்ளீயம் திரள்கிறது. மழையும் வெயிலும் கல்லைத் தேய்க்க, பாரமான ஈயமணல் ஓடைகளின் அடியில் தங்குகிறது. மலாயாவின் நடுமலைத் தொடரின் கருங்கல்லும், ஸ்டான்தோர்ப் வட்டாரக் கருங்கல்லும் ஏறத்தாழ ஒரே புவியுகத்தில், இருபது கோடி ஆண்டுகளுக்கும் முன்னே பிறந்தவை என்று நிலவியல் அறிஞர் கூறுவர். கடல் கடந்து வந்து, நம் ஊர்க் கல்லின் ஒன்றுவிட்ட சகோதரனைக் கண்டது போலாயிற்று எனக்கு.

மறுநாட் காலையில் மாநில எல்லையைக் கடந்து நியூ சவுத் வேல்ஸ் பகுதிக்குட் புகுந்தோம். அங்கே டென்டர்பீல்டு நகருக்கு வடக்கே முப்பது கிலோமீட்டர் அளவில் உள்ளது பால்ட் ராக் என்னும் தேசியப் பூங்கா. மொட்டைப் பாறை என்பது அப்பெயரின் பொருள். நீளம் 750 மீட்டர். அகலம் 500 மீட்டர். சூழ்ந்த காட்டினின்று 200 மீட்டர் உயரம் எழும்பி நிற்கும் ஒரே கல். ஆஸ்திரேலியாவில் வெளியே தெரியும் கருங்கற் பாறைகளுள் இதுவே மிகப் பெரியது என்பர். உச்சி கடல் மட்டத்திற்கு மேல் 1,277 மீட்டர். நம் ஜொகூரிலுள்ள லேடாங் மலையின் உயரம் 1,276 மீட்டர் என்பதை வாசகர் நினைவு கூர்க. உயரத்தில் ஒரே ஒரு மீட்டர்தான் வேற்றுமை. ஆனால் உழைப்பில் பெரும் வேற்றுமை உண்டு. லேடாங்கைச் சமவெளியிலிருந்தே ஏற வேண்டும். இங்கோ பீடபூமியே நம்மை ஆயிரம் மீட்டருக்கு மேல் தூக்கி நிறுத்திவிடுகிறது. எஞ்சிய 200 மீட்டரை மட்டும் நம் கால் ஏறினாற் போதும். சுற்றி வர மூன்று கிலோமீட்டர் அளவு. நிதானமாக நடந்தால் இரண்டு மூன்று மணி நேரம். எழுபது வயதினர்க்கும் இயலக்கூடிய மலை.

ஏறுவதற்கு இரண்டு வழிகள். ஒன்று, பாறையின் முகத்தில் வெள்ளைப் புள்ளிகளைத் தொடர்ந்து நேரே ஏறுவது. மற்றது, பங்கூனா வழி என்னும் பெயருடையது, காட்டினூடே சுற்றிச் சுற்றி மெல்ல ஏறுவது. தமையனாரை முன்னிட்டு இரண்டாவதைத் தேர்ந்தோம். காரிலிருந்து இறங்கியபொழுது மூச்சு வெண்புகையாக வந்தது. பெண் ஆளுக்கொரு தண்ணீர்க் குப்பியும் ரொட்டியும் கொடுத்தாள். தமையனார் புதிய சப்பாத்தின் கயிற்றை இறுக்கிக்கொண்டே கேட்டார்:

"ஏனம்மா, மேலே என்ன இருக்கிறது?"

"ஒன்றுமில்லை அப்பா. பாறைதான்."

"ஒன்றும் இல்லாததற்கா இவ்வளவு தூரம் காரோட்டி வந்தாய்?"

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். ஆனால் அவர் கேட்டது விளையாட்டுக்காக அன்று என்பது எனக்குத் தெரியும்.

காட்டுக்குட் புகுந்தவுடன் முதலில் என்னைப் பற்றிக்கொண்டது மணம். சளி பிடித்த நாளில் தாய் நம் மார்பிலும் மூக்கிலும் தடவிய தைலத்தின் மணம்! நீலகிரித் தைலம் என்று நாம் வாங்கும் அந்தப் பொருளுக்கு மூலம் இந்த யூகலிப்டஸ் மரமே. 1843-ஆம் ஆண்டில் நீலகிரியிலே அது நடப்பட்டது; விறகுக்காகவும் எண்ணெய்க்காகவும் அங்கே பெருகிற்று; பெருகவே, நம்மவர் அதை நீலகிரியின் சொந்த மரமென்றே நினைத்துவிட்டனர். அது பிறந்த வீடு ஆஸ்திரேலியா. எழுநூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் அதற்கு உண்டு. 1777-ஆம் ஆண்டில், கேப்டன் குக்கின் மூன்றாம் பிரயாணத்தின்போது தாஸ்மேனியாவிலே பறிக்கப்பட்ட கிளையொன்றைக் கண்டு, 1788-ஆம் ஆண்டில் லெரித்தியே என்னும் பிரெஞ்சு அறிஞர் அதற்கு 'நன்றாக மூடப்பட்டது' என்று பொருள்படும் கிரேக்கப் பெயரை இட்டார். அதன் மொட்டு ஒரு சிறு செப்பு. செப்புக்கு ஒரு மூடி. மூடி கழன்று விழுந்தால் உள்ளிருந்து மகரந்த நூல்கள் குஞ்சம்போல் விரிகின்றன. நம் கொய்யாவின் பூவையும் ஜம்புவின் பூவையும் பார்த்தவர்க்கு இது பழகிய காட்சியே. கொய்யாவும் ஜம்புவும் நாவலும் கிராம்பும் யூகலிப்டஸும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. சிங்கப்பூரிலுள்ள கம்போங் கிளாமுக்குப் பெயர் தந்த கெலாம் மரமும் இக்குடும்பத்ததே. ஆகவே, அந்நியர் வீட்டிற் புகுந்ததாக எண்ணிய நாம், உண்மையில் உறவினர் வீட்டுக்கே வந்திருந்தோம்.

இந்தக் காட்டில் நிழல் குறைவு. நம் நாட்டுக் காட்டில் உச்சி வேளையிலும் இருள் கவிந்திருக்கும். வெயில் தரையைத் தொடாது. இங்கோ இலைகள் அகன்று விரியாமல் அரிவாள்போல் நீண்டு, தலைகீழாகத் தொங்குகின்றன. நண்பகல் வெயில் அவற்றின் ஓரத்தில் மட்டும் படுமாறு அமைந்திருப்பதால், அவை தம் ஈரத்தை இழப்பதில்லை. வெயிலும் தடையின்றிக் கீழே இறங்குகிறது. தண்ணீர் அருமையான நாட்டில் வாழக் கற்ற மரத்தின் சிக்கனம் இது. கீழே மஞ்சட் பூக்கள் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தன. நம் வேல மரத்தின் இனம் என்று பெண் சொன்னாள். எங்கோ ஒரு கூக்கபரா பறவை, மனிதர் கூடி நகைப்பது போன்ற குரலில் உரக்க நகைத்தது. தமையனார் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

அவர் பார்வை பிறகு மரங்களின்மேற் சென்றது. இலையையோ பூவையோ அவர் பார்க்கவில்லை. பட்டையைப் பார்த்தார். நாற்பது ஆண்டு பட்டையையே பார்த்து வாழ்ந்த கண்கள் வேறு எதைப் பார்க்கும்! இங்கே ஒரு மரத்தின் பட்டை தென்னை நார்போல் தடித்துப் பிளந்திருந்தது. மற்றொரு மரம் தன் பட்டையை நீள நீளமான நாடாக்களாக உரித்துத் தொங்கவிட்டு, உள்ளே வெண்மையும் இளஞ்சாம்பலுமாக வழுவழுவென்று நின்றது. அவர் அதனருகே சென்று, ஐந்து விரல்களையும் விரித்து அதன்மேல் வைத்தார்.

"யார் தம்பி இதை உரித்தது?"

"யாரும் உரிக்கவில்லை அண்ணே. ஆண்டுதோறும் தானே உரிக்கும் மரம்."

"தானாகவா?" என்றார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நாம் சீவினால்தான் மரம் பட்டையை விடும் என்றிருந்தேன்" என்றார்.

தோட்டத்தில் வளர்ந்தவர்க்கு இதன் பொருளை நான் விளக்க வேண்டுவதில்லை. ரப்பர் மரத்தின் பால் உட்பட்டையிலுள்ள நுண்குழாய்களில் இருக்கிறது. கத்தி அதைத் தொட வேண்டும். அதற்கப்பாலுள்ள மரத்தைத் தொடக்கூடாது. ஒரு நூலளவு ஆழமாகப் போய்விட்டால் மரத்திற் காயம் படும். காயம் பட்ட இடத்திற் பட்டை முண்டு முண்டாக வளரும். மறுமுறை அங்கே கத்தி வைக்க முடியாது. மரத்திற் பட்ட காயத்துக்குச் சீவியவனுடைய கூலியிற் காயம் படும். காயமின்றிச் சீவினால் சில ஆண்டுகளிற் புதுப்பட்டை வளர்ந்து, மரம் மீண்டும் பால் தரும். மேல்தோலுக்கும் மரத்துக்கும் நடுவேயுள்ள அந்த மெல்லிய உயிரைக் கண்ணுக்குத் தெரியாத இருட்டில், விரலின் உணர்ச்சியாலேயே அறிந்து வேலை செய்தவர்கள் நம் பெண்களும் ஆண்களும். இதைக் கைத்தொழில் என்று எந்தப் பள்ளிக்கூடமும் கற்பிக்கவில்லை. கலை என்று எவரும் போற்றவும் இல்லை. கூலி வேலை என்றே உலகம் எழுதி வைத்தது.

இன்னும் சிறிது தூரம் சென்றபோது, அடி முதல் பாதி வரை கரியாய்க் கிடந்த ஒரு மரத்தைக் கண்டோம். யூகலிப்டஸ் இலையில் எண்ணெய் இருப்பதால் இந்நாட்டுக் காடுகள் எளிதில் தீப்பற்றும். 2019-ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திற் பரவிய காட்டுத் தீயை உலகமே கண்டு நடுங்கிற்று. ஆயினும் அக்கரிந்த அடிமரத்தின் மேலே கிளைகள் உயிரோடிருந்தன. இம்மரத்தின் தடித்த பட்டைக்கு அடியில் உறங்கும் அரும்புகள் உள்ளன. இலையெல்லாம் எரிந்து போனால் அவ்வரும்புகள் விழித்துக்கொள்கின்றன. சில வாரங்களில் கரிய மரத்தின் உடம்பெங்கும் பச்சைத் துளிர் மயிர்க்கால்போற் கிளம்புகிறது. வேறு சில இனங்கள் தரைக்கடியிலுள்ள கிழங்கு போன்ற முண்டிலிருந்து மீண்டும் எழுகின்றன. பெண் இதை விளக்கிச் சொன்னாள். தமையனார் கரியைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, "உயிர் பட்டைக்குள்ளேதான் இருக்கிறது, எங்கள் மரத்துக்கும் அப்படித்தான்" என்றார். 'எங்கள் மரம்' என்று அவர் சொன்னதை நான் கவனித்தேன். அம்மரத்தில் ஒன்றுகூட அவருக்குச் சொந்தமாயிருந்ததில்லை.

மேலும் அவர் ஒன்று சொன்னார்: "இங்கே நிரையே இல்லையே தம்பி!" உண்மை. தோட்டத்து மரங்கள் போர் வீரர்போல் அணிவகுத்து நிற்பவை. இத்தனை மரம் ஒருவனுக்கு என்று எண்ணிக் கொடுக்கப்படுபவை. ஆனால் அந்த ரப்பர் மரமும் பிறந்தவிடத்தில் அவ்வாறு நின்றதில்லை. பிரேசில் நாட்டு அமேசான் காட்டில் அது பிற மரங்களோடு கலந்து, ஒன்றுக்கொன்று எட்டி நின்றது. 1876-ஆம் ஆண்டில் அதன் விதைகள் லண்டனுக்குக் கொண்டு செல்லப்பட்டன. 1877-ஆம் ஆண்டில் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. மரத்தைக் கொண்டு வந்தவர்கள் அதைச் சீவக் கையும் வேண்டுமென்று தென்னாட்டிலிருந்து நம் முன்னோரைக் கொண்டு வந்தார்கள். மரமும் நிரையில் நின்றது. மனிதரும் நிரையில் நின்றனர். நிரையில்லாத காட்டில் தன் இச்சைப்படி நடப்பது என் தமையனாருக்கு அன்றுதான் முதன்முறை. அவர் வழியை விட்டு விலகவில்லை. ஆனால் விரும்பிய இடத்தில் நின்றார், விரும்பிய மரத்தைத் தொட்டார். எவரும் அவரை விரட்டவில்லை.

மரங்கள் குட்டையாகிக் குறைந்தன. வீட்டளவு பெரிய உருண்டைக் கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அவற்றின் இடுக்குகளில் ஒதுங்கி நுழைந்து ஏறினோம். இக்கற்களை அரக்கரோ தேவரோ அடுக்கி வைக்கவில்லை. பூமியின் உள்ளே கிலோமீட்டர்க் கணக்கான ஆழத்தில் பெரும் பாரத்தின்கீழ் ஆறி இறுகிய கருங்கல் இது. மேலேயிருந்த மண்ணும் பாறையும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் தேய்ந்து நீங்கவே, அழுத்தம் தளர்ந்தது. தளர்ந்தவுடன் கல் சற்றே விம்மி, வெங்காயத் தோல்போல் ஏடு ஏடாகப் பிளந்தது. பிளவுகளில் நீர் புகுந்து மூலைகளை அரித்து உருண்டையாக்கிற்று. கல்லை நெருங்கிப் பார்த்தால், கண்ணாடி போன்ற குவார்ட்ஸும், வெளிறிய பெல்ஸ்பாரும், மின்னும் காக்காய்ப்பொன்னும் தனித்தனியே தெரியும். நம் தாய்மார் அரைத்த அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் உள்ளவையும் இவையே. சுமை நீங்கினால் கல்லும் விம்மும் என்னும் இந்த உண்மை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பிறகு மரமே இல்லை. வெறும் பாறை, அதன்மேல் நீரோடிய கருங்கோடுகள், தலைக்கு மேல் வானம். கடைசிச் சரிவைத் தமையனார் என் தோளைப் பிடிக்காமலே ஏறினார்.

உச்சியில் கோயில் இல்லை, கடை இல்லை, கொடி இல்லை. காற்று மட்டும் இருந்தது. நாற்றிசையும் யூகலிப்டஸ் காடு கடல்போற் பரந்து, தொலைவில் நீலமாகக் கலங்கித் தெரிந்தது; அக்காட்டின் நடுவே வடக்குப் பக்கத்தில், இதைப் போன்ற வேறு மொட்டைப் பாறைகள் தலையெடுத்து நின்றன. அவை குயின்ஸ்லாந்தின் கிராவீன் பூங்காவைச் சேர்ந்தவை. இடையில் மாநில எல்லை ஓடுகிறது. நான் எவ்வளவு உற்றுப் பார்த்தும் அந்த எல்லை என் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரே காடு, ஒரே கல். ஆனால் மனிதர் கண்ட எல்லை எவ்வளவு வலியது என்பதற்கு அருகிலுள்ள வாலங்காரா ரயில் நிலையமே சாட்சி. 1888-ஆம் ஆண்டில் இரு மாநிலத்து இருப்புப் பாதைகளும் அங்கே வந்து சந்தித்தன; ஆனால் இரண்டின் அகலமும் வேறு. ஒரு மேடையின் இருபுறமும் இரு வண்டிகள் நின்றன. பிரயாணிகள் மூட்டை முடிச்சுகளுடன் இறங்கி மாற வேண்டியிருந்தது.

இப்பாறைக்கு மிகப் பழைய வேறொரு பெருமை உண்டு. ஜுகம்பால், பண்ட்ஜலங், கமிலராய் என்னும் ஆதிக்குடி மக்கள் மூவருடைய நிலங்களும் இங்கே கூடின. ஒருவர் நிலத்தை மற்றொருவர் கடவாமலே வந்து சந்தித்துப் பண்டம் மாற்றிக்கொள்வதற்கு உரிய பொதுவிடமாக இப்பாறை இருந்தது என்பர். எல்லை என்பதைச் சண்டைக்கு உரியதாக்காமல் சந்திப்புக்கு உரியதாக்கிய அறிவு அவர்களுடையது. அவர்களைப் பிற்காலத்தார் எவ்வாறு நடத்தினர்? 1889-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள், இங்கிருந்து தெற்கே தெரியும் திசையிலுள்ள டென்டர்பீல்டு நகரில், ஹென்றி பார்க்ஸ் என்னும் தலைவர், சிதறிய குடியேற்றங்கள் யாவும் ஒரு நாடாக ஒன்றுபட வேண்டுமென்று புகழ்பெற்ற சொற்பொழிவை ஆற்றினார். 1901-ஆம் ஆண்டில் அந்நாடு பிறந்தது. பிறந்த நாட்டின் அரசியற் சட்டம், ஆதிக்குடி மக்களை மக்கள் தொகையிற் சேர்த்து எண்ணலாகாது என்றது. 1967-ஆம் ஆண்டில் நடந்த பொது வாக்கெடுப்பே அதை நீக்கிற்று. பிறந்த அதே ஆண்டில், வெள்ளையரல்லாதார் உட்புகாதவாறு குடிநுழைவுச் சட்டம் ஒன்றும் இயற்றப்பட்டது. வருபவரிடம் ஏதேனும் ஓர் ஐரோப்பிய மொழியில் ஐம்பது சொற்களை ஒப்பித்து எழுதச் சொல்வார்கள். தோற்கச் செய்வதற்கென்றே அமைந்த பரீட்சை அது. 1958-ஆம் ஆண்டில் அப்பரீட்சை நீங்கியது. நிற பேதம் 1973-ஆம் ஆண்டில்தான் முற்றும் விலக்கப்பட்டது.

தோட்டத்து வாசகர் மறக்கக்கூடாத செய்தி ஒன்றும் உண்டு. குயின்ஸ்லாந்தின் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்வதற்காக 1863-ஆம் ஆண்டு முதல் பசிபிக் தீவுகளிலிருந்து ஏறக்குறைய அறுபதினாயிரம் ஒப்பந்தங்களில் ஆட்களைக் கொண்டு வந்தார்கள். அவர்களில் ஏமாற்றிப் பிடிக்கப்பட்டவரும் பலர். காடு வெட்டிக் கரும்பு நட்டுத் தந்த அவர்களை, 1901-ஆம் ஆண்டுச் சட்டமொன்று, 'இனி வேண்டுவதில்லை, திரும்பிப் போங்கள்' என்றது. வேண்டும்போது அழைப்பதும், வேண்டாதபோது துரத்துவதும் எந்தக் கடலோரத்திலும் தோட்ட முதலாளித்துவத்தின் ஒரே குணம் போலும்! அந்தச் சட்டங்கள் நின்றிருக்குமாயின், என் தமையனார் மகள் இன்று அந்நாட்டு மருத்துவமனையிலே நோயாளிக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருக்க முடியாது. நாங்கள் அப்பாறைமேல் நின்றிருக்கவும் முடியாது. சட்டம் மனிதர் எழுதுவது. மனிதர் போராடினால் மாறுவது. கல்லே மாறுகிறதென்றால், காகிதம் மாறாதா?

நான் இவற்றையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க, தமையனார் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, வெயிலில் இளஞ்சூடேறியிருந்த பாறைமேல் வெறுங்காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அட்டை கடித்த தழும்பும், கத்தி நழுவிப் பட்ட தழும்பும் உள்ள கால்கள். அவற்றையே பார்த்துக்கொண்டு அவர் சொன்னார்:

"தம்பி, எத்தனையோ வருஷம் நடந்தேன். அந்த நடையெல்லாம் கிராணி புத்தகத்தில் ஏறியது. இன்றைக்கு நடந்தது எந்தப் புத்தகத்திலும் ஏறாது. இது என் சொந்தக் கணக்கு."

பெண் அவர் அருகே வந்து உட்கார்ந்தாள். அதுவரை யாரும் வாய்விட்டுச் சொல்லாததை அவளே சொன்னாள். "அப்பா, இங்கேயே என்னோடு இருந்துவிடுங்களேன். அங்கே உங்களுக்கு லயமும் இல்லை, தோட்டமும் இல்லை. எதற்காகத் திரும்பிப் போக வேண்டும்?"

அவர் உடனே விடை சொல்லவில்லை. பிறகு மெதுவாக, "நீ இளங்கன்று அம்மா. நட்ட இடத்தில் வேர் விட்டாய்; எனக்குச் சந்தோஷம். லயம் போய்விட்டது, ஆனால் என்னோடு நிரை பிடித்தவர்களில் நாலு பேர் இன்னும் அங்கே இருக்கிறார்கள். என்னைக் கண்டால் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். இங்கே நான் உன் அப்பா மட்டும்தான். வருஷத்துக்கு ஒரு முறை வருகிறேன். வரும்போது ஒரு மலைக்கு அழைத்துப் போ" என்றார்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அவளுக்காகப் பரிந்து பேசலாமென்று வாயெடுத்தேன். அவ்வாறு பேசுவதாகவே வாக்களித்தும் வந்திருந்தேன். ஆனால் நாற்பது ஆண்டும் பிறர் சொன்ன இடத்தில் நின்ற மனிதர், தாம் நிற்குமிடத்தைத் தாமே சொன்னது அன்றுதான். அதற்கு மேல் நான் என்ன பேச? இறங்கும் வழியெல்லாம் அவள் மௌனமாகவே வந்தாள். ஆனால் ஈரம் கசிந்து வழுக்கிய இடங்களிலெல்லாம் தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். மகளுக்கும் தந்தைக்கும் நடுவே கடல் கிடக்கப் போகிறது என்பது இருவருக்கும் தெரியும். இத்தகைய வழக்கில் எவரும் வெல்வதில்லை.

நாடு திரும்பி ஒரு மாதத்துக்குப் பின், தமையனார் ஒரு ஞாயிறன்று விடியலில் புதிய சப்பாத்தை மாட்டிக்கொண்டு புறப்பட்டார். எங்கே என்றேன். "ஊருக்குப் பின்னால் குன்று இருக்கிறதே, அங்கே" என்றார். பழைய தோழர் நால்வரையும் அழைத்துச் சென்றார். நால்வர் இன்று ஒன்பதின்மராயினர். அவர்களில் மூவர் பெண்கள், மூவரும் மரம் சீவியவர்களே. ஏறுவதற்கு முக்கால் மணி நேரம். மேலே ஒரு பாறையும் ஒரு நெல்லி மரமும் உள்ளன. அங்கே உட்கார்ந்து பேசிவிட்டு இறங்குகிறார்கள். ஒரு தோழருடைய ஓய்வூதியச் சேமிப்புத் தொகை நெடுநாள் தேங்கிக் கிடந்ததற்கு மனு எழுதும் யோசனையும் அப்பாறைமேல்தான் பிறந்ததாகக் கேள்வி.

ஆகவே, அன்பர்களே, தோட்டத்திலுள்ளாரும் பட்டணத்திலுள்ளாரும் விடுமுறையில் ஒரு நாளையேனும் இதற்கென ஒதுக்குங்கள். பெரிய மலையும் வெளிநாட்டுப் பிரயாணமும் வேண்டுவதில்லை. அருகிலுள்ள குன்று போதும். விடியலிலேயே புறப்படுங்கள், வேண்டிய தண்ணீரை எடுத்துச் செல்லுங்கள், வழுக்காத சப்பாத்து அணியுங்கள், மழை பெய்த பாறைமேல் கால் வைக்காதீர்கள், போகுமிடத்தை வீட்டிற் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். பெண்களை வீட்டில் விட்டுச் செல்லாதீர்கள். சமைத்துக் கொடுத்தனுப்புவதற்கு அன்று, கூட நடப்பதற்கே அவர்களை அழையுங்கள். பிள்ளைகளுக்கு மரத்தின் பெயரையும் கல்லின் பெயரையும் கற்றுக் கொடுங்கள். அதை விட முக்கியமாக, அம்மரத்தைச் சீவிய பாட்டியின் கதையையும் கல்லுடைத்த பாட்டனின் கதையையும் நடந்துகொண்டே சொல்லுங்கள்.

மேலே என்ன இருக்கிறது என்று எவரேனும் உங்களைக் கேட்டால், ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். கூலியும் இல்லை, கங்காணியும் இல்லை, வேண்டுதலும் இல்லை. நம் காலுக்கு நாமே எசமானராக இருக்கும் இரண்டு மணி நேரம் அங்கே உண்டு. நம் முன்னோர்க்கு ஒரு நாளும் கிட்டாத பொருள் அது. நாம் அதைச் சும்மா விட்டுவிடலாகாது.